கொப்பிக் கடனும் கூப்பன் அரிசியும்

"சிக்கனமாக வாழப் பழகிக்கொள்ள வேண்டும்" என்ற உபதேசம் தோட்டத்து மக்களுக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. சம்பள உயர்வு கேட்டு மேசையில் அமரும்போதெல்லாம் எதிர்த்தரப்பில் யாராவது ஒருவர் இதைச் சொல்லுவார். உங்கள் ஆட்களுக்குச் செலவழிக்கத் தெரியாது, சடங்குக்கும் திருவிழாவுக்கும் கடன் வாங்குகிறார்கள், மிச்சம் பிடிக்கத் தெரிந்தால் இந்தச் சம்பளமே போதும் என்பார். அவர் குடிக்கும் தேநீருக்கு நாம் கணக்குக் கேட்பதில்லை. ஆனாலும் இந்த மாதம் நாமும் சிக்கனத்தைப் பற்றித்தான் எழுதுகிறோம். வீட்டுச் சாமான் வாங்குவதில் நான்கு காசு மிஞ்சுமா, மிஞ்சினால் எங்கே மிஞ்சும், எதில் கை வைக்கக் கூடாது என்பது தாய்மார் பலர் கேட்கும் கேள்வி. அதற்கு உபதேசம் அல்லாத ஒரு பதில் வேண்டும்.

இதை யாழ்ப்பாணத்து அளவெட்டியிலிருந்து எழுதுகிறோம். தெல்லிப்பழைக்கும் சுன்னாகத்துக்கும் பக்கத்தில் இருக்கும் செம்மண் ஊர். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பேர் போனது. என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தைக் கேட்டவர்கள் நம்மிடையேயும் இருப்பார்கள். தேயிலைச் செடி ஒன்றுகூட இங்கே கிடையாது. ஆனால் நம் சம்பலில் விழும் சின்ன வெங்காயம் இப்படிப்பட்ட ஊர்களிலிருந்து லொறி ஏறி வருகிறது. இவர்கள் காலையில் குடிக்கும் தேநீர் நம் கூடையிலிருந்து வருகிறது. இரண்டு ஊருக்கும் பொதுவான ஒரு சொல்லும் இருக்கிறது: தோட்டம். இங்கே தோட்டம் என்றால் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் போடுகிற, தன் பெயரில் உறுதி உள்ள காணி. நம்மிடம் தோட்டம் என்றால் கம்பனியின் நிலம். சிக்கனத்தைப் பற்றிப் பேசும்போது இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

பொதுவான இன்னொரு சொல் கூப்பன். இன்றைய பிள்ளைகளிடம் கூப்பன் என்றால் சுப்பர் மார்க்கெட்டில் கொடுக்கும் தள்ளுபடித் துண்டு என்பார்கள். பாட்டிமாரைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குக் கூப்பன் என்றால் அரிசி. இரண்டாவது உலகப் போரில் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்து அரிசிக் கப்பல் நின்றுபோன 1942ஆம் ஆண்டில் இலங்கையில் பங்கீடு வந்தது. ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து, அரசாங்கம் விலை கட்டிக் கொடுத்த அரிசி. போர் முடிந்த பிறகும் அது நிற்கவில்லை. அந்த அரிசியின் விலையில் கை வைத்த அரசாங்கங்கள் பட்டபாடு நம் நாட்டுச் சரித்திரத்தில் பெரிய பகுதி.

1953இல் ஒரு கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார்கள். நிதி அமைச்சர் ஜே. ஆர். ஜெயவர்தன, பிரதமர் டட்லி சேனநாயக்க. ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடு முழுக்க ஹர்த்தால் நடந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. சில வாரங்களில் டட்லி பதவியை விட்டே விலகினார். பிறகு அவரே மீண்டும் ஆட்சிக்கு வந்து 1966இல் வாரத்துக்கு இரண்டு கொத்து என்றிருந்ததை ஒன்றாகக் குறைத்தார். அந்த ஒன்றை இலவசமாகக் கொடுத்தார். 1970 தேர்தலில் இரண்டாவது கொத்தையும் தருவோம் என்று சொல்லி சிறிமாவோ பண்டாரநாயக்க வென்றார். வாக்குச் சீட்டையே அசைக்கும் பலம் அந்தக் கொத்துக்கு இருந்தது. 1948, 49ஆம் ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமையும் வாக்கும் பறிக்கப்பட்ட நம் மக்களில் பெரும்பாலோருக்கு இந்தத் தேர்தல்களில் வாக்கில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். அரிசியைக் கொடுப்பதும் குறைப்பதும் நமக்காகப் பேசிய விடயம் அல்ல.

அதன் பலனை 1973, 74இல் கண்டோம். உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது, நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை, பங்கீடு சுருங்கியது. நிலம் உள்ளவன் மரவள்ளி நட்டான். லயத்தில் இருந்தவனுக்கு நட இடமில்லை. தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது, மரண வீதம் பளிச்சென்று ஏறியது, குடும்பம் குடும்பமாக வன்னிக்கும் கிளிநொச்சிக்கும் இறங்கிப் போனார்கள். அதே ஆண்டுகளில், அதே அரசாங்கம் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதியை நிறுத்தியதால் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணுக்கு நல்ல காலம். அளவெட்டியில் வயது போனவர்கள் அந்த ஆண்டுகளை மிளகாயும் வெங்காயமும் காசு கொட்டிய காலமாக நினைக்கிறார்கள். நாம் அதைப் பஞ்ச காலம் என்கிறோம். ஒரே கொள்கை, இரண்டு தோட்டங்கள். அவர்கள் மேல் இதில் குறை இல்லை. காணி எவன் கையில் என்பதுதான் யார் தப்பினான் என்பதைத் தீர்மானித்தது.

1979 செப்டெம்பரில் அரிசிக் கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது. இந்த மாற்றத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கூப்பன் புத்தகத்தில் எழுதியிருந்தது கொத்து. முத்திரையில் எழுதியிருந்தது ரூபா. விலை ஏற ஏறக் கொத்து கொத்தாகவே இருக்கும், ரூபா கரையும். அதுதான் நடந்தது. முத்திரையின் மதிப்பை விலைவாசியோடு உயர்த்தவில்லை, சில ஆண்டுகளுக்குள் அதே முத்திரைக்குக் கிடைத்த சாமான் பாதியளவுக்குச் சுருங்கியது. யாரும் ஹர்த்தால் செய்யவில்லை. ஏனென்றால் எதையும் பறித்ததாக யாருக்கும் தெரியவில்லை. 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும கொடுப்பனவும் இந்த இனம்தான்: 2,500, 5,000, 8,500, 15,000 என்று நான்கு படி வைத்தார்கள். பிறகு மேல் இரண்டு படிகளைச் சற்று உயர்த்தினார்கள். லயத்தில் ஒரே கூரைக்கு அடியில் இருக்கும் இரண்டு வீடுகளில் ஒன்றுக்குக் கிடைத்து மற்றதற்குக் கிடைக்காத முறைப்பாடுகள் நம் காரியாலயங்களில் குவிந்தன. கிடைத்தவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: அந்தத் தொகை ரூபாவில் இருக்கிறது.

சொந்தக்காரர்கள் நீலகிரியில் இருப்பவர்கள் நம்மிடையே ஏராளம். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் போனவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் தமிழ்நாட்டு அரசு அங்கே தேயிலைத் தோட்டம் திறந்தது. அவர்களோடு தொலைபேசியில் பேசும்போது ரேஷன் கடை பற்றிக் கேட்டுப் பாருங்கள். அங்கே குடும்ப அட்டைக்கு அரிசி 2011 முதல் இலவசம். அரிசி கிலோக் கணக்கில் கிடைக்கிறது, ரூபாக் கணக்கில் அல்ல. கூலி வேலை செய்கிற வீட்டில் அரிசி நிச்சயம் என்றால் மிச்சக் காசை எப்படிச் செலவழிப்பது என்று யோசிக்க ஓர் இடம் கிடைக்கிறது. அந்த இடம் இல்லாதவனிடம் யோசனை சொல்லிப் பயனில்லை.

இனி அளவெட்டியின் சிக்கனத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்தார் சிக்கனம் பற்றி நாடு முழுக்கப் பகிடி உண்டு. அதில் பாதி பொறாமை, பாதி உண்மை. 1990இல் போர் மீண்டும் தொடங்கிப் பொருளாதாரத் தடை வந்தபோது அந்தப் பழக்கம்தான் இவர்களைக் காப்பாற்றியது. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் கிடைத்தால் பொன் விலை, சவர்க்காரம், பற்றரி, உரம் எல்லாவற்றுக்கும் தடை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். பனம்பழக் களியில் துணி துவைத்தார்கள். சீனி இல்லாதபோது பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே ஒரே இரவில் கிளம்பித் தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த ஆண்டு பலர் திரும்பி வந்தபோது வீட்டில் எதுவும் மிச்சமில்லை. அந்தக் காலத்தில் நிவாரண அரிசியும் மாவும் பருப்பும் சங்கக்கடை வழியாகத்தான் வந்தன. சங்கக்கடை என்றால் கூட்டுறவுச் சங்கத்தின் கடை. இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல்.

இவர்களின் வீட்டுப் பழக்கங்களில் நாம் எடுத்துக்கொள்ளக் கூடியவை உண்டு. வெங்காயத்தைத் தாளோடு பிடி பிடியாகக் கட்டிக் காற்றாடத் தொங்கவிடுவார்கள், மாதக் கணக்கில் அழுகாது. பையில் கட்டி மூலையில் போட்டால் பத்து நாளில் பாதி போகும். இது நம் லயத்து அடுப்படியிலும் செய்யக் கூடியது. புகை படும் இடமாக இருந்தால் இன்னும் நல்லது. பாவற்காயும் கத்தரிக்காயும் மலிந்த காலத்தில் வெட்டி உப்பிட்டு வற்றல் போடுவார்கள், மிளகாயை மோரில் ஊறவைத்துக் காய வைப்பார்கள், வேப்பம்பூவில் வடகம் செய்வார்கள். விலை ஏறிய மாதத்தில் கறிக்குக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் நுவரெலியா, அக்கரப்பத்தனைப் பக்கம் மழையிலும் பனியிலும் வற்றல் பூஞ்சணம் பிடித்துவிடும். அங்கே செய்யப் போய்ச் சாமானை வீணாக்க வேண்டாம். பதுளை, மொனராகலைப் பக்கம் வெயில் உள்ள மாதங்களில் செய்யலாம்.

எடுத்துக்கொள்ள முடியாத ஒன்றும் இருக்கிறது. அளவெட்டி வீட்டுக்கு வளவு உண்டு. வேலிக்குள் ஒரு கிணறு, முருங்கை, இரண்டு தென்னை, வாழை, கறிவேப்பிலை, எல்லையில் பனை. சுண்டலுக்கும் சொதிக்கும் தேவையானதில் பாதி கதவைத் திறந்தால் கிடைக்கும். இவர்களின் சிக்கனம் அந்த வளவின் மேல் நிற்கிறது. நம் தாய்மாருக்கும் இது தெரியாத வித்தை அல்ல. லயத்து வாசலில் நான்கு கம்பு ஊன்றி மேரக்காய்ப் பந்தல் போடுவதற்கும், கான் ஓரத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும் வளர்ப்பதற்கும் யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. அந்த நாலடி நிலத்தையும் நாளைக்கு நிர்வாகம் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் நிலைமை. 7 பேர்ச் காணியும் உறுதியும் கேட்டு நாம் நடத்தும் போராட்டத்தை வீட்டுப் போராட்டம் என்று மட்டும் நினைக்கிறோம். அது கறிச் செலவின் போராட்டமும்கூட. வீட்டுத் தோட்டம் செய்யுங்கள் என்று துண்டுப் பிரசுரம் அடிப்பவர்கள் முதலில் உறுதியை அடித்துத் தரட்டும்.

இப்போது கடைக்குப் போவோம். நம் வீடுகளில் காசு அதிகமாகக் கசிவது சட்டியில் அல்ல, கடன் கொப்பியில். சம்பளம் 10ஆம் திகதி வருகிறது. 12ஆம் திகதிக்குள் கடைக்காரரிடம் போய்விடுகிறது. 13ஆம் திகதி புதிய பக்கம் தொடங்குகிறது. கொப்பியில் வாங்குகிறவர் விலை கேட்பதில்லை. கேட்கும் உரிமை தமக்கு இல்லை என்று நினைக்கிறார். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: டவுனில் ரொக்கத்துக்கு 240 ரூபா விற்கும் அரிசி கொப்பியில் 260 என்று விழுகிறது. மாதம் 15 கிலோ வாங்கும் வீட்டுக்கு அதில் மட்டும் 300 ரூபா போகிறது. மாவு, சீனி, பருப்பு, எண்ணெய், கருவாடு எல்லாவற்றுக்கும் இதேபோல் பத்து இருபது என்று கூட்டிப் பாருங்கள். மாதத்தில் ஒரு நாள் கூலி முழுதாகக் கொப்பிக்குப் போகும். அந்த ஒரு நாள், மழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கி, பேர் விழுவதற்குக் கிலோ நிரப்பிய நாள்.

கடைக்காரரைத் திட்டி எழுதுவது எளிது. அவரும் மொத்தக் கடையில் கடனுக்கு வாங்குகிறவர்தான், சாவு வீட்டுக்கு நடுச்சாமத்தில் சாமான் கொடுக்கிறவரும் அவர்தான். அது வேறு. ஆனால் கடன் என்பது தொழிலாளியைக் கட்டிப்போடும் கயிறு என்பது நம் சரித்திரத்திலேயே இருக்கிறது. பெரியகங்காணி காலத்துத் "துண்டு" அதுதான். தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு. அந்தக் கடனைக் கட்டுகிற தோட்டத்துக்குத்தான் அவன் போகலாம். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. கொப்பியை ஒழிக்க எந்தச் சட்டமும் வராது. அதை நாம்தான் மூட வேண்டும், ஒரே மாதத்தில் முடியாது. ஒரு வீடு செய்யக் கூடியது இது: பழைய கடனை ஒரு பக்கத்தில் நிறுத்தி, மாதம் இவ்வளவு என்று கடைக்காரரோடு பேசிக் கட்டுவது, புதிதாக வாங்குவதில் அரிசி, மாவு இரண்டை மட்டும் முதலில் ரொக்கத்துக்கு மாற்றுவது. தீபாவளி முற்பணம் வரும் மாதம் இதற்கு நல்ல தொடக்கம். அந்தக் காசு முழுதும் துணிக்கடைக்குப் போய்விடாமல் ஒரு பங்கு இதற்கு ஒதுக்க வேண்டும். பிள்ளைக்குப் புதுத் துணி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை.

அடுத்தது சின்னப் பொதி. தூளோ சவர்க்காரத் தூளோ, சின்னப் பைக்கற்றாக வாங்குவது இல்லாதவனின் பழக்கம். இல்லாதவனிடம்தான் அது அதிகம் பிடுங்குகிறது. 50 கிராம் மிளகாய்த் தூள் 60 ரூபா, 500 கிராம் 480 ரூபா என்று ஓர் உதாரணம் எடுத்தால், பத்துச் சின்னப் பைக்கற்றில் 120 ரூபா சும்மா போகிறது. பெரியதை வாங்கக் கையில் 480 இல்லை, அதனால் 600 செலவழிக்கிறோம். ஏழைக்கு எதுவும் மலிவாகக் கிடைப்பதில்லை என்று இதைத்தான் சொல்கிறோம். தனி வீட்டால் இதை மாற்ற முடியாது. ஐந்து வீடு சேர்ந்தால் முடியும்.

டவுன் சுப்பர் மார்க்கெட் தள்ளுபடியைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். பெரிய பெரிய தள்ளுபடிகள் வங்கிகளின் கடன் அட்டை வைத்திருப்பவர்களுக்கு. நமக்கு அது கிடைக்காது. கிடைக்காமல் இருப்பதும் ஒருவகையில் நல்லதுதான். தொலைபேசி எண்ணைக் கொடுத்துப் புள்ளி சேர்க்கும் அட்டை இலவசம். எப்படியும் அங்கே வாங்குகிறவர் எடுத்துக்கொள்ளலாம். "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்பதைப் பார்த்து வீட்டில் யாரும் தேடாத பிஸ்கட்டையும் குளிர்பானத்தையும் வாங்கினால் அந்தக் கூப்பன் கம்பனிக்குத்தான் லாபம். சதொசவில் அரிசி, சீனி, பருப்பு, டின் மீன் விலையைத் தோட்டக் கடை விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். ஆனால் டவுனுக்குப் போய்வர ஆட்டோவுக்குக் கொடுப்பதையும் கணக்கில் சேருங்கள். 200 ரூபா மிச்சம் பிடிக்க 800 ரூபா வண்டிக்குக் கொடுத்துவிட்டுத் தள்ளுபடியில் வாங்கினோம் என்று சந்தோஷப்படுவது இருக்கிறது.

இங்கேதான் சங்கக்கடை யோசனை வருகிறது. 1844இல் இங்கிலாந்தில் ரொச்டேல் என்ற நெசவாலை ஊரில் 28 பேர் சிறு தொகை சேர்த்து மாவும் வெண்ணெயும் சீனியும் ஓட்ஸ் மாவும் வைத்து ஒரு கடை திறந்தார்கள். ஆலைக்காரர் கடைகளில் கலப்படமும் கள்ள நிறையும் கடனும்தான் அப்போது வழக்கம். இவர்களின் கடையில் சுத்தமான சாமான், சரியான நிறை, கடன் கிடையாது, லாபத்தில் வாங்கியவருக்கு அவர் வாங்கிய அளவுக்குப் பங்கு. கூட்டுறவு இயக்கம் உலகமெல்லாம் பரவியது அந்தக் கடையிலிருந்து. யாழ்ப்பாணம் அதை நன்றாகப் பிடித்துக்கொண்டது. அளவெட்டிக்கு அப்பால் மூளாயில் கூட்டுறவு முறையில் ஓர் ஆஸ்பத்திரியே 1930களில் எழுந்தது. யாழ் நகரில் இருக்கும் வீரசிங்கம் மண்டபம் ஒரு கூட்டுறவாளரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. எல்லாச் சங்கக்கடையும் இன்று நன்றாக நடக்கிறது என்று சொல்ல மாட்டோம். அரசியல் புகுந்ததும் கணக்கு மறைந்ததும் பல இடங்களில் உண்டு. இங்கேயும் முணுமுணுப்புக் கேட்கிறது. நம் தோட்டங்களிலும் கூட்டுறவுக் கடை என்ற பெயரில் நடந்து, நிர்வாகத்தின் கைப்பொம்மையாகி, பூட்டப்பட்ட கடைகளை மூத்தவர்கள் மறக்கவில்லை. அதனால்தான் கடை திறக்கச் சொல்லாமல், அதற்கும் முந்திய ஒரு சின்ன வேலையைச் சொல்கிறோம்.

ஒரு லயத்தில் பத்து வீடு. மாதம் ஒருமுறை, சம்பளத்துக்கு மறுநாள், ஆளுக்கு 5 கிலோ அரிசிக்குக் காசு. 50 கிலோ மூட்டை ஒன்று மொத்த விலைக்கு. அதே வண்டியில் பருப்பு, சீனி, வெங்காயம். வண்டிக் கூலி பத்தாகப் பிரியும். வந்து இறங்கியதும் எல்லோர் கண் முன்னாலும் நிறுத்துப் பங்கு. சீட்டுப் பிடித்துப் பழகிய நம் பெண்களுக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல. யார் நம்பிக்கையானவர் என்பதும் அவர்களுக்குத் தெரியும். காசும் கொப்பியும் பெண்கள் கையில் இருக்கட்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறோம். ஆண் தோழர்கள் கோபிக்க வேண்டாம். மூட்டை தூக்க உங்களைக் கூப்பிடுவார்கள். எழுதுவது ஒருவர், காசு வைத்திருப்பது வேறொருவர், விலை விசாரித்து வருவது இன்னொருவர் என்று மூன்றாகப் பிரித்தால் சந்தேகம் வளராது. பில்லை லயத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். முதல் மூன்று மாதம் அரிசியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆசைப்பட்டு எண்ணெய், கருவாடு என்று விரித்தால் யாருக்கு எது குறைந்தது என்ற சண்டையில் முடியும்.

கூட்டாக வாங்காவிட்டாலும் சட்டம் சில உரிமைகளைத் தந்திருக்கிறது. 2003ஆம் ஆண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி கடையில் விலைப்பட்டியல் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். பொதியில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது. முறைப்பாட்டுக்கு 1977 என்ற எண்ணை அழைக்கலாம். தராசுக்கு அளவீட்டுத் திணைக்களத்தின் முத்திரை இருக்க வேண்டும். தோட்டக் கடையும் கடைதான். கடனில் வாங்குகிறவர் தனியாகப் போய்ப் பற்றுச்சீட்டுக் கேட்கத் தயங்குவார் என்பது நமக்குத் தெரியும். தோட்டத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் போய்க் கேட்டால் அது ஒரு வீட்டின் முறைப்பாடு அல்ல, கமிட்டியின் வேண்டுகோள். சந்தா பிடிக்கிற சங்கம் இதற்குக்கூட உதவாவிட்டால் வேறு எதற்கு?

கடைசியாக, குறைக்கக் கூடாதது. மிச்சம் பிடிக்கும் வீடுகளில் முதலில் குறைவது யாருடைய சாப்பாடு என்று பார்த்தால் தெரியும். பிள்ளைக்கு வைத்து, கணவனுக்கு வைத்து, சட்டியில் ஒட்டியதைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிட்டுக் காலையில் மலை ஏறுகிறவள் தாய். கிளினிக்கில் இரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுக்கிறார்கள். அந்த இரத்தத்தில்தான் வீடு சிக்கனம் பிடித்தது. பருப்பு, முட்டை, நெத்தலி, கீரை, பிள்ளையின் பால் இவற்றைக் குறைத்து எந்தக் கடனையும் அடைக்க வேண்டாம். குறைக்க வேண்டுமானால் கொப்பியின் மேல்விலை இருக்கிறது, சின்னப் பைக்கற் இருக்கிறது, வீணாகும் வெங்காயம் இருக்கிறது, சாராயக் கடை இருக்கிறது. மூன்று நேரமும் கோதுமை ரொட்டி தின்று மிச்சம் பிடித்தோம் என்பதும் மிச்சம் அல்ல. மதியத்துக்கு ரொட்டியோடு ஒரு கை கீரை வறுவலோ பருப்போ போகட்டும்.

வீட்டுக்குள் மிச்சம் பிடிப்பதற்கு ஓர் எல்லை உண்டு என்பதைச் சம்பளப் பேச்சுவார்த்தையில் நாம் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. 1,000 ரூபா நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றோம். அது 2021இல் வந்தது. வந்த கையோடு பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டினார்கள், குறைந்தால் அரைப் பேர் போட்டார்கள். அடுத்த ஆண்டே விலை வெடித்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது முந்திய ஆண்டு 1,000 ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்கு ஏறக்குறைய 1,950 ரூபா. அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது 2024இல்தான். இடையில் கழிந்த மாதங்களில் எந்தத் தாய் எவ்வளவு சிக்கனமாகச் சமைத்திருந்தாலும் அந்த ஓட்டை அடைபட்டிருக்காது. உணவு முத்திரைக்கு நடந்தது நாட்சம்பளத்துக்கும் நடந்தது. எனவே சம்பளம் விலைவாசியோடு ஏற வேண்டும் என்ற கோரிக்கை நம் கோரிக்கைப் பட்டியலில் முதலிடத்திலேயே இருக்கும். மேசைக்கு எதிரில் சிக்கனம் பேசுகிறவரிடம் வைக்க நமக்கு எண்கள் வேண்டும்.

அந்த எண்களை நீங்கள்தான் தர வேண்டும். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் வரும் சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து சாமானின் விலையை எழுதுங்கள்: ஒரு கிலோ நாட்டரிசி, ஒரு கிலோ கோதுமை மாவு, ஒரு கிலோ மைசூர்ப் பருப்பு, ஒரு கிலோ சின்ன வெங்காயம், 100 கிராம் நெத்தலி. தோட்டக் கடையில் ரொக்க விலை, கொப்பி விலை இரண்டும் வேண்டும். முடிந்தால் பக்கத்து டவுன் விலையும். கடையின் பெயர் வேண்டாம், தோட்டத்தின் பெயரும் டிவிசனும் போதும். மாவட்டக் காரியாலயத்தில் கொடுத்தால் எங்களிடம் வந்து சேரும். அதே ஞாயிற்றுக்கிழமை அளவெட்டிச் சங்கக்கடையில் இந்த ஐந்துக்கும் என்ன விலை என்பதை நாங்கள் எழுதி எடுக்கிறோம். அடுத்த இதழில் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் போடுவோம்.